மூன்றாமவரின் வேலை

"தம்பி, துப்புதோ எண்டு ஒருக்காப் பாரும்."

பின்பக்கம் குனிந்து பார்த்தேன். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த குழாய், வெற்றிலை போட்ட கிழவரைப்போல விட்டுவிட்டுத் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது. கூடவே கொஞ்சம் புகை.

"துப்புது அண்ணே."

அவர் தலையாட்டிவிட்டுச் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மூன்று நாட்களில் இந்தக் கேள்வியை நூறு தடவையாவது கேட்டிருப்பார். கடல்நீரை உறிஞ்சி, என்ஜினைச் சுற்றவிட்டு, சூட்டோடு வெளியே தள்ளும் பழைய ஏற்பாடு அது. துப்புவது நின்றால் சில நிமிடங்களில் என்ஜினைக் கைகழுவ வேண்டியதுதான்.

இடம், இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் மேல்கோடியிலுள்ள ஃபேரம் ஓடை. படகு, 1973இல் கட்டிய 26 அடிப் பாய்ப்படகு. சொந்தக்காரர் வல்வெட்டித்துறைக்காரர். வயது அறுபத்திரண்டு. மருத்துவமனை ஒன்றில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக அறிமுகமானார். என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் வெங்காயமும் ஓடும் ஏற்றிக் கொழும்புக்குப் போய்வந்தவர் என்று சொன்னதும், சாம்பாருக்குக்கூடக் காத்திராமல் என்னைப் படகுக்கு அழைத்துவிட்டார். அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்குத் தம்பி. அந்த முறையிலேயே பயணம் முடிந்தது.

படகுக்கு ஒரு பெயர் உண்டு. முதல் சொந்தக்காரர் தம் பேத்திக்கு வைத்திருந்த பெயர் என்பதால் இங்கே எழுதவில்லை. "மாத்தக் கூடாது, அது அவையின்ர பிள்ளை" என்றார் அண்ணை. இத்தனைக்கும் கேபின் சுவரில் அவர் ஒட்டி வைத்திருந்தது பெயர் மாறிய ஒரு கப்பலின் படம். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி. அதை வாங்கிய அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை ஆட்களே அதைப் பாய்விரித்து ஓட்டிப்போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள். "அவன் மாத்தினான். ஆனா எங்கட சனம் இண்டைக்கும் அன்னபூரணி எண்டுதான் சொல்லுது, பாத்தீரோ?"

முதல்நாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் ஓடைக்கரைக்கு வந்தபோது படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. சாயவில்லை, குடை சாயவில்லை. மாடு படுத்திருப்பதைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பாய்ப்படகுக்கு வழக்கமாக நடுவில் ஒற்றை ஏரா, அதாவது அடிக்கட்டை, ஆழமாக இறங்கியிருக்கும். தண்ணீர் வற்றினால் படகு பக்கவாட்டில் விழும். இந்தப் படகுக்கு இரண்டு ஏராக்கள், பக்கத்துக்கு ஒன்றாக, சற்றே வெளிப்பக்கம் அகன்று. மூன்றடித் தண்ணீர் இருந்தால் மிதக்கும், இல்லாவிட்டால் உட்காரும்.

தூத்துக்குடியில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நாலு மீட்டர்வரை போகும். ஒரே ஓடை காலையில் ஏரி, மத்தியானம் சேறு. எப்போதும் தண்ணீர் நிற்கும் துறைகளில் படகின் நீளத்தை மீட்டரால் அளந்து வாடகை வாங்குவார்கள். சேற்றில் நிறுத்த அதில் ஒரு துண்டு கொடுத்தால் போதும். இந்தச் சேற்றை நம்பித்தான் இரட்டை ஏராப் படகுகள் இங்கே இவ்வளவு பெருகின.

வெஸ்டர்லி சென்டார் என்பது இந்த மாதிரியின் பெயர். 1969 முதல் 1980 வரை 2,400க்கும் மேல் கட்டினார்கள், போர்ட்ஸ்மவுத்துக்கு வடக்கே வாட்டர்லூவில் என்ற ஊரில். கடலுக்குச் சில மைல் தள்ளிய ஊர். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டெனிஸ் ரெய்னர் இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போன கடற்படை அதிகாரி. அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய 'தி எனிமி பிலோ' நாவல் 1957இல் ஹாலிவுட் படமாகவும் வந்தது. சம்பளக்காரக் குடும்பம் வாங்கக்கூடிய, சேற்றில் நிறுத்தக்கூடிய சிறு படகு வேண்டும் என்பது அவர் கணக்கு. சென்டார் வருவதற்கு இரண்டாண்டு முன்பே, 1967இல், அவர் இறந்துவிட்டார்.

அந்தக் காலத்து ஃபைபர் உடல் அசாத்தியமானது. ஃபைபர் எவ்வளவு போட்டால் போதும் என்ற கணக்கு அப்போது முழுதாகப் பிடிபடாததால் தாராளமாகப் போட்டுவிட்டார்கள் என்பார்கள். எங்கள் ஊர் மரத்தோணிக்குக் கலப்பத்து அடைத்து, எண்ணெய் பூசி, பலகை மாற்றி, வருடா வருடம் வைத்தியம் பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். ஃபைபருக்கு அந்தப் பேறு கிடையாது. உடல் அப்படியே இருக்க, அதில் ஒட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகச் சாகும். ஓடையின் ஓரத்தில் அப்படிப்பட்ட ஐந்தாறு படகுகளைப் பார்த்தேன், பாசி ஏறி, கொடிமரம் இழந்து. ஒன்றில் 'இலவசம்' என்று அட்டை கட்டியிருந்தார்கள். அறுத்து அப்புறப்படுத்தும் செலவு படகின் விலையைத் தாண்டிவிடும். ஒரு பழைய காரின் விலைக்குப் பாய்ப்படகு கிடைக்கிறதென்றால் காரணம் இதுதான். வாங்குவது சுலபம், விடுவதுதான் பெரும்பாடு. அண்ணையிடம் இதைச் சொன்னேன். "கலியாணம் மாதிரி எண்டு சொல்ல வாறீர்" என்றார். நான் சொல்ல வரவில்லை.

அவருடைய மனைவி இந்தப் படகில் மூன்றே முறைதான் ஏறியிருக்கிறார். வீட்டில் அதற்குப் பெயர் 'அந்த வாளி'.

ஏழரைக்கு நீர் ஏராவைத் தாண்டி மேலேறி, படகு லேசாக ஒருமுறை உடம்பை அசைத்தது. பிறகு மிதந்தது. என்ஜின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. ஓடையைக் கடந்து துறைமுகத்துக்குள் இறங்கினோம்.

போர்ட்ஸ்மவுத் வாசல் மிகவும் குறுகல். போர்க்கப்பல், கார் ஏற்றும் ஃபெர்ரி, பாய்ப்படகு எல்லாம் அதன் வழியேதான் போக வேண்டும். சிறு படகுகளுக்கு மேற்குக் கரையோரம் தனித்தடம் உண்டு. என்ஜின் உள்ள படகு அங்கே என்ஜினை ஓட்டியே போக வேண்டும், பாயை மட்டும் நம்பக் கூடாது என்பது துறைமுக விதி. ஆகவே பழைய என்ஜின்காரர்களுக்கு அந்த வாசல் ஒரு பரீட்சை. அண்ணை பேசவே இல்லை. காதை என்ஜின் பெட்டியின் பக்கம் சாய்த்தபடி நின்றார். பாட்டுக் கச்சேரியில் தாளம் தப்புமோ என்று காத்திருப்பவரின் முகம். வாசலைத் தாண்டி, கில்கிக்கர் முனையைச் சுற்றி ஸ்டோக்ஸ் விரிகுடாப் பக்கம் திரும்பியபோது, கேட்காமலே நான் குனிந்து பார்த்தேன்.

துப்பவில்லை. புகை மட்டும் வெள்ளையாக வந்தது.

அவர் என்ஜினை நிறுத்திய வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "முன்பாயை மட்டும் விரிப்பம். நீர் சுக்கானைப் பிடியும். அந்தக் கோட்டையைப் பின்னுக்கு வச்சுக்கொண்டு கரையோரமாப் போம். பயப்பிடாதையும்." கோட்டை என்றது ஸ்பிட்ஹெட் கடலுக்கு நடுவே எழுப்பிய கல்கோட்டைகளில் ஒன்றை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து கட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் வரவே இல்லை.

வடமேற்குக் காற்று, மிதமாகத்தான் இருந்தது. நீரோட்டம் மேற்கு நோக்கி, எங்களுக்குச் சாதகமாக. தூத்துக்குடியில் இந்த ஓட்டத்தை நீவாடு என்போம். நீவாடு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தோணியில் பாயை ஏற்றமாட்டார் தண்டல், தோணியின் தலைவர். தாத்தா சொல்லக் கேட்டதுதான். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு கையை அறுக்கும் என்பதை மட்டும் அன்றைக்கு நேரிலே தெரிந்துகொண்டேன்.

கீழே அண்ணை என்ஜின் பெட்டியைத் திறந்து தலைகீழாகக் கிடந்தார். கடல்நீர்ப் பம்புக்குள்ளே ஒரு ரப்பர்ச் சக்கரம் உண்டு. உள்ளங்கையில் அடங்கும், ஆறு இதழ் கொண்டது. அது தேய்ந்து இதழ் உதிர்ந்தால் தண்ணீர் நின்றுபோகும். மூடியில் ஆறு சின்னத் திருகாணி. "அரை இஞ்சி தாரும்." கொடுத்தேன். "இல்லை, பதிமூண்டு மில்லிமீட்டர்." அந்தப் படகில் இரண்டு அளவைகளும் கலந்து கிடந்தன. உடலைக் கட்டிய ஆங்கிலேயர்கள் அங்குலத்தில் போல்ட் போட்டார்கள். என்ஜினைக் கட்டியவர்கள் மில்லிமீட்டரில் போட்டார்கள். பிறகு ரிப்பேர் பார்த்தவர்கள் கையில் கிடைத்ததைப் போட்டார்கள். இரண்டு செட் ஸ்பேனர் இல்லாமல் அங்கே ஒரு மூடிகூடத் திறக்காது.

"இது மூண்டாமவற்ற வேலை" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அப்போதுதான் மூன்றாமவரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன்.

அண்ணை இந்தப் படகுக்கு ஐந்தாவது சொந்தக்காரர். முந்தைய நால்வரில் ஒருவருடனும் நன்றாகப் பழகியவரில்லை. ஆனால் நால்வரையும் அவருக்குக் கைரேகை வரை தெரியும். முதலாமவர் புதிதாக வாங்கியவர், எல்லாவற்றையும் தேக்கு எண்ணெயால் துடைத்தவர். இரண்டாமவர்தான் இவருக்குத் தெய்வம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பென்சிலால் படம் போட்டு ஒரு நோட்டுப் புத்தகம் விட்டுப் போயிருக்கிறார். கூரைத் துணிக்கடியில் '1987 ஏப்ரல், இந்தத் துளை அடைக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்த மனிதர். நாலாமவர் வாங்கி, ஆறு வருடம் தொடாமல் விட்டவர். அவர் மேல் இவருக்கு வருத்தம் இல்லை, இரக்கம்தான்.

மூன்றாமவர் கதை வேறு. வீட்டு விளக்குக்குப் போடும் சாதாரணச் செப்புக் கம்பியைப் படகில் இழுத்தது மூன்றாமவர். கடலில் வெள்ளீயம் பூசிய கம்பிதான் நிற்கும். மற்றது உள்ளுக்குள்ளேயே கருத்துப் பொடியாகிவிடும். படகின் அடியில் கடல்நீர் நுழையும் வால்வுக்குத் தோட்டக் குழாய்க்கு மாட்டும் பித்தளை வால்வைப் போட்டதும் அவர்தான். பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மிச்சம் நிற்பது இளஞ்சிவப்பாக, பஞ்சுபோன்ற செம்பு. பார்வைக்கு வால்வு, தொட்டால் பிஸ்கட். வாங்கிய முதல் மாதம் அண்ணை அதைத் திருகியபோது கையோடு வந்துவிட்டது. நல்லகாலம், அப்போது படகு சேற்றில் இருந்தது. இப்போது ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு மரக்கூம்பு கயிற்றில் தொங்குகிறது, ஓட்டையை அடைக்க. கேபினுக்குள் நுழைந்ததும் அதை ஏதோ திருஷ்டிப் பரிகாரம் என்று நினைத்தேன். ஒருவகையில் அப்படித்தான்.

பழைய படகு வாங்குகிறவர் முன்னே வந்தவர்களின் புத்தி, சோம்பல், கஞ்சத்தனம் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகிறார். வீட்டிலும் இது உண்டு, ஆனால் வீடு மூழ்காது. வாழ்நாளெல்லாம் மருத்துவமனைச் சுவருக்குள் கம்பி இழுத்தவர், முகம் அறியாத ஒருவர் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒளித்த முடிச்சைக் கண்டதும் அடைந்த கோபத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். கோபத்துக்கு அடியில் சந்தோஷம் இல்லாமலும் இல்லை. மூன்றாமவர் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்கு என்ன வேலை?

ரப்பர்ச் சக்கரம் வெளியே வந்தது. ஆறு இதழில் இரண்டைக் காணோம். புதுச் சக்கரம் கைவசம் இருந்தது. ஆனால் உதிர்ந்த துண்டுகளைத் தேடி எடுக்காவிட்டால் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒன்று பம்பின் வாயிலேயே கிடைத்தது. மற்றதற்காகக் குழாயைக் கழற்றி, ஊதி, கம்பி விட்டுப் பார்த்தார். இல்லை. படகு அந்த ஒரு மணி நேரமும் முன்பாயோடும் நீவாட்டோடும் தன்பாட்டுக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லை, புகையில்லை. அணியத்தில் தண்ணீர் பிரியும் ஒலி மட்டும். என் வாழ்க்கையில் சுக்கான் பிடித்த முதல் ஒரு மணி நேரம், இன்னொருவரின் அவஸ்தையின் தயவில் கிடைத்தது. அந்த மூன்று டன் படகு கைக்கு எவ்வளவு அடக்கமாக இருந்தது என்பதை அவர் மேலே வரும்வரை சொல்லவில்லை. சொல்லும் நேரமல்ல.

புதுச் சக்கரத்தோடு என்ஜின் ஓடியது. துப்பியது. நிறுத்திவிட்டுப் பெரிய பாயையும் ஏற்றினோம்.

கப்பல் தடத்தைக் குறுக்கே கடந்து வைட் தீவின் கௌஸ் பக்கம் போகையில் வலப்புறம் பிராம்பிள் மணல்திட்டு. வருடத்தில் ஒருநாள், நீர் மிகவும் வற்றும்போது, அதில் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். நீர் ஏறியதும் ஆட்டம் முடிந்தது. 2008 நவம்பரில், ஓய்வுபெறும் கடைசி நாட்களில், கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளமுள்ள குயின் எலிசபெத் 2 கப்பல் இந்தத் திட்டில் தட்டி நின்றது. "அவையே தட்டேக்க நான் தட்டினா என்ன" என்றார் அண்ணை. இதைச் சொல்லி மூன்று மணி நேரத்துக்குள் தட்டினோம்.

நாங்கள் போனது வைட் தீவின் வடகரையில் இருக்கும் நியூடவுன் ஆற்றுக்கு. கடலிலிருந்து ஒரு சிறிய வாய். உள்ளே போனால் கைவிரல்போலப் பிரியும் ஓடைகள், நாணல், பறவைகள். தடத்தைக் காட்டச் சேற்றில் குச்சிகள் நட்டிருப்பார்கள். ஆழம் காட்டும் கருவி சில நாட்களாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்ததால் அண்ணை அதை நம்பவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக அடி அடியாகச் சாயம் பூசிய மூங்கில் கழியை என்னிடம் கொடுத்து முன்னால் நிறுத்தினார். "அஞ்சு. அஞ்சு. நாலரை." பிறகு நான் ஒரு நாரையைப் பார்த்தேன். கழியைப் பார்க்கவில்லை. மெத்தையில் உட்கார்ந்ததுபோல ஒரு அமுக்கம்.

அண்ணை திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி, வற்று முடியப் போகும் நேரம். "ரெண்டு ஏராவும் இதுக்குத்தானே" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினார். புது ஒற்றை ஏராப் படகொன்று, எங்களுடையதைப்போல நாற்பது மடங்கு விலையிருக்கும், எங்களைத் தாண்டி ஆழத் தடத்தில் போனது. அதிலிருந்தவர்கள் கையசைத்தார்கள். நாங்கள் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டினோம். நாங்கள் இருந்த இந்தச் சொலண்ட் கடலில் நீர் இறங்குவது ஐந்து மணி நேரம், ஏறுவது ஏழு மணி நேரம், அதிலும் ஏறத் தொடங்கிக் கொஞ்சம் தயங்கி நிற்கும். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் சேறு விட்டது.

மாலையில் ரப்பர்ப் படகில் கரையேறி நியூடவுனுக்கு நடந்தோம். பெயர்தான் புது ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு பிஷப் நிறுவிய துறை நகரம், பின்னாளில் நலிந்து போயிற்று. இப்போது சில வீடுகள், புல் மூடிய தெருக்கோடுகள். ஆனால் செங்கல்லில் ஒரு நகர மண்டபம் தனியே நிற்கிறது. ஊரே இல்லாத இந்த ஊர் 1832 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. 1930களில் மண்டபம் இடிந்து விழவிருந்தபோது, முகமூடி போட்டுப் புனைபெயர் வைத்துக்கொண்ட சில பெண்கள், 'ஃபெர்குசன் கும்பல்' என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள், பணம் திரட்டி அதைச் சீர்ப்படுத்தி நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைக்க வழி செய்தார்கள். அண்ணை அந்தக் கதையைவிடச் சுவரிலிருந்த சன்னல் சட்டங்களை அதிக நேரம் பார்த்தார். "வடிவாச் செய்திருக்கினம்" என்றார்.

இரவு மழை. படகுப் பயணத்தை அழகாக எழுதுகிறவர்கள் இப்படியான இரவைப் பற்றியும் எழுத வேண்டும். டீசல் வாடை, ஈரக் கம்பளி வாடை, பூஞ்சணம். ஐம்பது வயதில் சன்னல் ரப்பர் எதுவும் ரப்பராக இருக்காது. என் தலைமாட்டில் ஒரு சொட்டு, கால்மாட்டில் ஒரு சொட்டு. இடப்பக்கச் சன்னல்கள் அவர் போன குளிர்காலத்தில் மாற்றியவை, ஒழுகவில்லை. வலப்பக்கம் வரும் குளிர்காலத்துக்கு. விருந்தாளி என்று எனக்கு இடப்பக்கம் தந்திருக்கலாமே என்று தோன்றியது, சொல்லவில்லை. மேலே கூரைக்கு அவர் புதிதாகப் பலகை அடித்திருந்தார். பழைய துணிக்கூரையின் நுரை மஞ்சள் மாவாக உதிர்ந்து, உறங்கும்போது முகத்தில் தொங்கியதாம். அதைச் சுரண்ட மட்டும் ஒரு மார்கழி. நடுச்சாமத்தில் படகு மறுபடி சேற்றில் உட்கார்ந்தபோது ஆட்டம் நின்றது. வெளியே ஏதோ ஒரு பறவை சேற்றுக்கு மேல் நீளமாகக் கூவிக்கொண்டே போனது. அந்த ஈரத்திலும் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் முழுதும் காற்றில்லை. நங்கூரத்தில் கிடந்து, விளக்குக் கம்பி ஒன்றை மாற்றினோம். மூன்றாமவருடையதுதான்.

மூன்றாம் நாள் கிழக்கு நீவாட்டைப் பிடித்துத் திரும்பினோம். துறைமுக வாசலில் அண்ணையின் காது மறுபடி என்ஜின் பக்கம் சாய்ந்தது. துப்பியது. ஓடையில் கட்டி, தண்ணீர் இறங்கக் காத்திருந்தபோது இரண்டாமவரின் அதே நோட்டில் எழுத உட்கார்ந்தார். செய்து முடித்தது இரண்டு வரி. செய்ய வேண்டியது ஏழு வரி. 'பம்பு இதழ் ஒன்று குழாயில் எங்கோ உள்ளது' என்பதை ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடிட்டார். ஏன் ஆங்கிலம் என்று கேட்டேன். "ஆறாமவர் வாசிக்க வேணுமெல்லோ."

ஊர் வந்து ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். காலையில் போன் அடித்தது.

"தம்பி, குழாய் முழங்கையைக் கழட்டினன். துண்டு கிடைச்சிட்டுது."

"நல்லதாப் போச்சு அண்ணே."

"எங்க நல்லது? அது எங்கட துண்டில்லை. தடிப்பு வேற, கல்லு மாதிரிக் கிடக்கு. மூண்டாமவற்றையது. எங்கட துண்டு இன்னும் உள்ளுக்கதான் நிக்குது."